மூன்று இரவுக் கப்பல் பயணம் பதினாறு நாளாகிவிட்டது: பினாங்கில் பாதியில் இறங்கிக்கொள்ளலாமா?

ஐஸ்கட்டி, மண்டபம்:

அனைவருக்கும் வணக்கம். நானும் என் மனைவியும் வருகிற மே மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து புறப்படும் மூன்று இரவு உல்லாசக் கப்பலில் போவதென்று தை மாதம் முடிவு செய்தோம். திருமணமாகி முப்பது ஆண்டுகள் நிறைவதால், பிள்ளைகள் இல்லாமல் நாங்கள் இருவர் மட்டும் போய்வர நினைத்த பயணம் அது. இப்போது எங்கள் வீட்டு நாட்காட்டியில் பென்சிலால் கட்டம் போட்டு வைத்திருக்கும் நாட்களை எண்ணினால் பதினாறு வருகிறது. எப்படி இவ்வளவு நீண்டது என்பதைச் சொன்னால்தான் என் கேள்வி விளங்கும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விசைப்படகுகளுக்கு ஐஸ் கொடுப்பது என் தொழில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் கரையேறிவிடுவதால் எனக்கும் வேலை இருக்காது. என் மனைவி பள்ளி ஆசிரியை; அவருக்கும் மே மாதம் விடுமுறை. ஆண்டு முழுவதும் சேர்ந்தாற்போல் நான்கு நாள் கிடைக்காத இருவருக்கும் ஒரே நேரத்தில் ஓய்வு கிடைக்கும் மாதம் அது ஒன்றுதான். அதனால்தான் நாட்களைக் கூட்டும்போது வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் காரணம் அகப்படவில்லை.

முதலில், கப்பல் புறப்படும் நாளன்றே விமானத்தில் போய் இறங்கக்கூடாது, ஒரு நாள் முன்னதாகவே சிங்கப்பூரில் இருக்க வேண்டும் என்று பயண முகவர் சொன்னார். அங்கே வேலை பார்க்கும் என் அக்காள் மகனுக்குச் செய்தி போனதும், ஒரு நாளைக்காக வருவதாக இருந்தால் வரவே வேண்டாம் என்று கோபித்துக்கொண்டான். அது நான்கு நாளாயிற்று. பிறகுதான் அந்தப் புகைப்படம் வெளியே வந்தது.

என் மனைவியின் தாத்தா 1950களில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி மலாயாவுக்குப் போய், துறைமுகத்தில் பல ஆண்டுகள் மூட்டை தூக்கிவிட்டு ஊர் திரும்பியவர். அவர் அங்கே எடுத்துக்கொண்ட ஒரே படம் எங்கள் வீட்டில் இருக்கிறது: வெள்ளைச் சட்டை, கரை வேட்டி, தமக்குச் சொந்தமில்லாத ஒரு சைக்கிளைப் பிடித்தபடி நிற்கிறார். படத்தின் பின்புறத்தில் நீல மையில் 'சுவெட்டன்ஹாம்' என்று எழுதியிருக்கிறது. அதன் கீழே இருந்த எழுத்துகள் பழைய ஆல்பத்தின் பசையோடு ஒட்டிப்போய்விட்டன. பயண நிரலில், பினாங்கில் கப்பல் நிற்கும் இடம் 'சுவெட்டன்ஹாம் பியர்' என்று இருந்ததை என் மனைவி படித்த மாலையில், படத்தை எடுத்து வந்து அந்தத் தாளின் மேல் வைத்தார். பிற்பகல் இரண்டு மணிக்குச் சேர்ந்து இரவு பத்து மணிக்குப் புறப்பட்டுவிடும் கப்பலில் போய்த் தாத்தா வாழ்ந்த ஊரைப் பார்த்துவிட முடியுமா என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த இரவே பினாங்குக்கு ஐந்து நாள் என்று ஆயிற்று. அவ்வளவு தூரம் போய்விட்டுக் கோலாலம்பூரையும் பத்துமலையையும் பார்க்காமல் வருவதா என்று மேலும் நான்கு நாள் சேர்ந்தது.

இப்போதைய திட்டம் இதுதான்: திருச்சியிலிருந்து கோலாலம்பூர், பிறகு பினாங்கு, பிறகு சிங்கப்பூர், கடைசியாகக் கப்பல், அங்கிருந்து திருச்சி. என் ஐயங்கள் மூன்று. ஒன்று, கப்பலை முதலில் வைத்துக்கொண்டு, பினாங்கில் அது நிற்கும்போதே பெட்டியோடு இறங்கிவிட்டால் சிங்கப்பூர் திரும்பி மீண்டும் பினாங்கு போகும் செலவு மிச்சமாகாதா? இரண்டு, அப்படி இறங்க முடியாது என்றால், கப்பல் பயணத்தை முதலில் வைப்பது நல்லதா, கடைசியில் வைப்பது நல்லதா? மூன்று, என் மனைவி ஒரு முறை ஆடி மாதத்தில் தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் உறவினரின் வள்ளத்தில் ஏறி, கச்சான் என்னும் மேல்காற்றில் அரை மணி நேரம் பட்ட பாட்டுக்குப் பிறகு இருபது ஆண்டுகளாகக் கடலில் கால் வைத்ததில்லை. அவருக்கு எந்த மாதிரியான அறை எடுப்பது? முகவர் பால்கனி அறைதான் எடுக்க வேண்டும் என்கிறார். அவர் முதலில் சொன்ன தொகையில் துறைமுகக் கட்டணமும் பணியாளர்களுக்கான டிப்ஸும் இல்லை என்பது இரண்டு வாரம் கழித்தே தெரிந்ததால், அவர் சொல்லும் எதையும் அப்படியே ஏற்க மனம் வரவில்லை.

தொண்டி மாலுமி:

ஐயா, வணக்கம். பயணிகள் கப்பல்களில் இயந்திரப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு இப்போது ஊரோடு இருக்கிறேன்.

பினாங்கில் பாதியில் இறங்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். கப்பல் புறப்படுவதற்கு முன்பே பயணிகளின் பட்டியல், யார் எங்கே ஏறி எங்கே இறங்குகிறார்கள் என்ற விவரத்தோடு, குடிநுழைவு அதிகாரிகளுக்குப் போய்விடும். இடைத் துறைமுகத்தில் ஒருவர் பெட்டியோடு இறங்கிப் போக வேண்டுமானால் கப்பல் நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டு அனுமதி பெற வேண்டும். அவர்கள் மறுத்தால் அத்தோடு முடிந்தது. அனுமதி கிடைத்தாலும் மிச்சமுள்ள இரவுகளுக்கான பணம் திரும்ப வராது. சொல்லாமல் இறங்கிவிட்டால் உங்களைத் தேடி ஒலிபெருக்கியில் அழைப்பார்கள், பிறகு நீங்கள் இல்லாமலே கப்பல் போய்விடும். அதன் பின் விளக்கம் சொல்லும் வேலை உங்களுடையது.

கப்பலைக் கடைசியில் வைத்ததும் எனக்குச் சரியாகப் படவில்லை. உங்கள் பதினாறு நாளில் விமானம், பேருந்து, ரயில், விடுதி எல்லாவற்றையும் ஒரு நாள் தள்ளிப்போட முடியும். கூடுதலாகக் கொஞ்சம் பணம் போகும், அவ்வளவுதான். கப்பலை மட்டும் தள்ளிப்போட முடியாது. பன்னிரண்டு நாள் பல ஊர்களில் அலைந்துவிட்டு, அந்த அலைச்சலில் ஏற்படும் தாமதம் முழுவதையும் கொண்டுபோய் நகராத ஒரு நாளின் மேல் ஏற்றுகிறீர்கள். திருச்சியிலிருந்து நேராகச் சிங்கப்பூர் போய், இரண்டு நாள் இளைப்பாறி, மூன்றாம் நாள் கப்பல் ஏறுங்கள்.

விசாவைப் பாருங்கள். இந்தியர்களுக்குச் சிங்கப்பூர் விசா வேண்டும். கப்பல் பினாங்கு போய்த் திரும்பினால் அது சிங்கப்பூருக்குள் இரண்டாவது நுழைவு. ஆகவே உங்கள் விசா பலமுறை நுழையக்கூடியதுதானா என்று கையில் வந்ததும் எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்க்க வேண்டும். மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியச் சுற்றுலாப் பயணிகளுக்கு விசா கேட்பதில்லை என்றாலும், போவதற்கு மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டிய வருகை அட்டை உண்டு. சிங்கப்பூருக்கும் அதேபோல் ஒன்று உண்டு. கடவுச்சீட்டு ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாக வேண்டும்.

அறையைப் பற்றிச் சொல்கிறேன். தராசின் தட்டுதான் ஏறி இறங்கும், நடு முள் இருக்கும் இடத்தில் அசைவு குறைவு. கப்பலும் அப்படித்தான்: முன்பக்கமும் பின்பக்கமும் ஏறி இறங்கும், உயரே போகப் போகப் பக்கவாட்டு ஆட்டம் கூடும். பால்கனி அறைகள் பெரும்பாலும் மேல்தளங்களில் இருப்பவை. உங்கள் மனைவிக்கு வேண்டியது கப்பலின் நீளத்தில் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில், கண்ணாடிச் சன்னல் வைத்த ஓர் அறை; அடிவானம் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தால் தலைச்சுற்றல் குறையும். கப்பலின் இரு பக்கமும் நீருக்கடியில் மீனின் துடுப்புபோல நீளும் ஸ்டெபிலைசர்கள் பக்கவாட்டு ஆட்டத்தைப் பெருமளவு அடக்கிவிடும். அதோடு நீங்கள் போகும் மலாக்கா நீரிணை, ஒரு பக்கம் சுமத்ராவும் மறுபக்கம் மலேசியாவும் அணைத்து நிற்கும் நீர். பாக் நீரிணைப் பக்கத்து நம் வடகடல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆடி மாதத்துத் தென்கடலில் வள்ளத்தில் போனவருக்கு இது பொருட்டாக இராது. விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து சில நாட்களில் திடீர்க் காற்றும் மழையும் வரும். வந்த வேகத்தில் போய்விடும். வாந்தி மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, ஆட்டம் தொடங்கும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும்; தொடங்கிய பிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும்.

இன்னும் இரண்டு செய்திகள். ஏறும்போது பெரிய பெட்டிகளை வாங்கிக்கொண்டு பல மணி நேரம் கழித்துத்தான் அறைக்கு அனுப்புவார்கள், ஆகவே மருந்தும் கடவுச்சீட்டும் ஒரு மாற்று உடையும் கைப்பையில் இருக்கட்டும். கடலுக்குள் போனதும் கைப்பேசியை விமான நிலைக்கு மாற்றிவிடுங்கள். கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைப் பிடித்துக்கொண்டால் வருகிற கட்டணத்தைப் பார்த்து, திருமண நாளை மறந்துவிடுவீர்கள்.

கீழக்கரை ராத்தா:

அண்ணன், நானும் என் கணவரும் ஐந்து நாள் என்று கிளம்பிப் பதினெட்டு நாள் கழித்து வந்தவர்கள், அதனால் உங்கள் நாட்காட்டி எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆனால் நீங்கள் பெட்டி கட்டும் முன்பு ஒன்றைச் சரிபார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது.

படத்தின் பின்புறத்தில் இருப்பது 'சுவெட்டன்ஹாம்' என்பது மட்டும்தானென்றால், அது பினாங்காக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்தக் காலத்தில் 'போர்ட் சுவெட்டன்ஹாம்' என்பது சிலாங்கூரில் இருக்கும் ஒரு தனித் துறைமுகத்தின் பெயர். இன்று அதைக் கிள்ளான் துறைமுகம் என்கிறோம்; 1972இல்தான் பெயர் மாறியது. ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் என்ற ஆங்கிலேய அதிகாரியின் பெயரையே பினாங்கின் கப்பல் துறைக்கும் வைத்ததால் வரும் குழப்பம் இது. ரஜூலா கப்பல் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று மூன்று இடங்களிலும் நின்று போனது. எங்கள் குடும்பத்தில் பெரியவர்கள் 'சுவெட்டன்ஹாமில் இருந்தோம்' என்று சொன்னால் அது கிள்ளானைத்தான் குறிக்கும். பினாங்கில் இருந்தவர்கள் பினாங்கு என்றே சொல்வார்கள், ஒரு கப்பல் துறையின் பெயரைச் சொல்லி ஊரைக் குறிப்பதில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கினார் என்று நீங்கள் எழுதியிருப்பதும் என் ஐயத்தை வலுப்படுத்துகிறது. தாத்தாவின் பழைய கடிதமோ கடவுச்சீட்டோ வீட்டில் இருந்தால் முதலில் அதைத் தேடுங்கள். இரண்டு ஊருக்கும் இடையே முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. ஐந்து நாளைத் தவறான ஊரில் போட்டுவிடாதீர்கள்.

கப்பலை முதலில் வைக்க வேண்டும் என்பதில் மாலுமி அண்ணன் சொன்னதற்கு மேல் என்னிடம் இன்னொரு காரணம் இருக்கிறது. உறவினர் வீட்டிலிருந்து கப்பலுக்குப் புறப்படக் கூடாது. காலை ஒன்பது மணிக்குக் கிளம்ப வேண்டும் என்றால், எட்டரைக்கு ஒருவர் பசியாறிவிட்டுத்தான் போக வேண்டும் என்பார்; அவர் விட்டால் பக்கத்து வீட்டுக்காரர் வருவார். எங்களுக்கு அப்படித்தான் சிங்கப்பூரில் நடந்தது. கப்பலில் ஏறும் கதவு அது புறப்படுவதற்கு ஒரு மணி நேரத்துக்கும் முன்பே மூடப்பட்டுவிடும் என்பதை என் கணவரின் மாமிக்கு எவ்வளவு சொல்லியும் புரியவைக்க முடியவில்லை. இட்லியும் ஆட்டுக்கறியும் காரணமாக நாங்கள் துறைமுகக் கூடத்தில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினோம். திரும்பி வந்த பிறகு உறவினர் வீட்டில் எத்தனை நாள் தாமதமானாலும் மனம் பதறாது.

பினாங்கில் அந்த எட்டு மணி நேரம் போதாது என்று நினைக்க வேண்டாம். கப்பல் நிற்கும் துறையிலிருந்து பழைய ஜார்ஜ் டவுனுக்கு நடந்தே போய்விடலாம். மார்க்கெட் ஸ்திரீட் வழியாகப் போனால் குயின் ஸ்திரீட்டில் மாரியம்மன் கோவில் இருக்கிறது. இன்னும் கொஞ்ச தூரத்தில், நம் பக்கத்து வணிகர்கள் 1801இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இருக்கிறது. வெயில் தாழ்ந்து மூன்று மணிக்கு இறங்கி, சாப்பிட்டுவிட்டு ஒன்பதுக்குள் ஏறிவிடலாம். கப்பல் கடிகாரம் எந்த நேரத்தில் ஓடுகிறது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால்.

ஒரு வேண்டுகோள்: உறவினர்களுக்காகக் கருவாடு கொண்டுபோக நினைத்தால் கப்பலுக்கு முன் அதைச் சிங்கப்பூரிலேயே கொடுத்துவிடுங்கள். கருப்பட்டி என்றால் ஓலைக் கொட்டானில் வேண்டாம். மே மாதத்து வெக்கையில் இளகி அடுத்தவர் பெட்டிக்குப் போய்விடும்.

அக்னிதீர்த்தம்:

நண்பருக்கு வணக்கம். மற்றவர்கள் சொன்னதில் எனக்குப் பாதி உடன்பாடு, பாதி இல்லை. கப்பலைக் கடைசியில் வைப்பதிலும் நியாயம் இருக்கிறது: கப்பலில் பெட்டியை ஒரே முறை பிரித்து அடுக்கினால் போதும், சமையலைப் பற்றியோ வண்டியைப் பற்றியோ யோசிக்க வேண்டாம். அலைந்து களைத்தவர்களுக்குத்தான் அந்த மூன்று இரவின் அருமை தெரியும். முதலிலேயே கப்பலில் ராஜபோகமாக இருந்துவிட்டுப் பிறகு பத்து நாள் பேருந்தில் போனால் பேருந்தின் குற்றங்கள்தான் கண்ணில் படும். இடைவெளிக்கு மூன்று நாள் விட்டுக்கொண்டால் மாலுமி சொல்லும் ஆபத்தும் பெரிதாக இராது.

எனக்கு இருக்கும் குறை வேறு. நீங்கள் தொடங்கியது இருவருக்கான பயணம். இப்போது அதில் அக்காள் மகன் நான்கு நாள், தாத்தா ஐந்து நாள், பத்துமலை முருகன் ஒரு நாள் என்று எல்லோருக்கும் பங்கு போயிருக்கிறது. முருகனைக் குறை சொல்ல மாட்டேன். 272 படி ஏறிய பிறகு முழங்காலைக் குறை சொல்வீர்கள். ஆனால் உங்கள் இருவருக்கு மட்டும் என்று எத்தனை நாள் மிஞ்சியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கப்பலின் மூன்று இரவு மட்டும்தான் மிஞ்சும் என்று நினைக்கிறேன். கோலாலம்பூரின் நான்கு நாளில் இரண்டை வெட்டுங்கள். தடைக்காலம் முடியும் வரை நேரம் இருக்கிறது என்பதற்காக அவ்வளவையும் செலவழித்தே தீர வேண்டுமா? பள்ளி திறக்கும் முன் உங்கள் மனைவிக்கு ஒரு வாரமாவது வீட்டில் இருக்கக் கிடைக்க வேண்டும். துவைக்க வேண்டிய துணிகளுக்கே மூன்று நாள் போகும்.

ஐஸ்கட்டி, மண்டபம்:

மூவருக்கும் நன்றி. பதில் எழுத நான்கு நாள் ஆனதற்குக் காரணம் ராத்தாவின் மடல்தான்.

அதை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் படத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், கொதிக்கும் உலையின் ஆவியில் அதன் பின்புறத்தைக் காட்டி, ஒட்டியிருந்த ஆல்பத் தாளின் துண்டை நகத்தால் மெல்ல மெல்லத் தள்ளினார். படம் போய்விடும் என்று நான் தடுத்ததைக் கேட்கவில்லை. பசை இளகி, தாள் பாதி கிழிந்து, பாதி வந்தது. கீழே இரண்டாவது வரியாக, அதே நீல மையில், 'கிள்ளான்' என்று இருக்கிறது. அதற்குப் பிறகு ஓர் எண்ணும் இருக்கிறது. வீட்டு எண்ணா, கூலிகளின் வரிசை எண்ணா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

ஆகவே திட்டம் மாறிவிட்டது. திருச்சியிலிருந்து சிங்கப்பூர், அங்கே இரண்டு நாள், பிறகு கப்பல். பினாங்கு அந்த எட்டு மணி நேரத்தோடு சரி. மாரியம்மன் கோவிலும் மார்க்கெட் ஸ்திரீட்டும் போதும். கப்பலிலிருந்து திரும்பியதும் அக்காள் மகன் வீட்டில் மூன்று நாள். எத்தனை இட்லி வைத்தாலும் மறுக்கப் போவதில்லை. பிறகு பேருந்தில் கோலாலம்பூர் போய், அங்கேயே ஒரே விடுதியில் நான்கு இரவு தங்கி, மின்சார ரயிலில் கிள்ளான் துறைமுகத்துக்குப் போய் வருகிறோம். அந்த ரயில் துறைமுகத்து வாசலிலேயே முடிகிறது என்று அக்காள் மகன் சொல்கிறான். கோலாலம்பூரிலிருந்து நேராகத் திருச்சி. எண்ணிப் பார்த்தால் பதினான்கு நாள். அக்னிதீர்த்தம் நண்பர் கேட்ட இரண்டு நாளை வெட்டிவிட்டேன், ஆனால் வெட்டியது கோலாலம்பூரில் அல்ல. பத்துமலைக்கு நான் படியேறுவேன், அவர் கீழே சிலையருகே நிற்பார் என்று உடன்பாடு ஆகியிருக்கிறது.

கப்பலை முதலில் வைப்பதா கடைசியிலா என்ற கேள்விக்கு விமானமே பதில் சொல்லிவிட்டது. எங்களுக்கு ஒத்துவந்த தேதிகளில் சிங்கப்பூர் போகும் விமானமும் கோலாலம்பூரிலிருந்து திரும்பும் விமானமும்தான் இருந்தன.

அறை பற்றி: நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில், சன்னல் அறை எடுத்தாயிற்று. முகவர் கடைசி வரை பால்கனியைப் பற்றியே பேசினார். காலையில் எழுந்து கடலைப் பார்த்தபடி காபி குடிக்கலாம் என்றார். என் மனைவி தொலைபேசியை வாங்கி, மண்டபத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதைத்தான் முப்பது ஆண்டுகளாகச் செய்கிறோம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ராத்தாவிடம் ஒரே ஒரு கேள்வி பாக்கி. கிள்ளான் துறைமுகத்தில் பழைய கூலி லயன்கள் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) இருந்த இடம் எது என்று கேட்டுச் சொல்லக்கூடிய பெரியவர்கள் யாராவது உங்கள் குடும்பத்தில் இன்னும் அங்கே இருக்கிறார்களா? படத்தையும் அந்த எண்ணையும் கையோடு கொண்டு வருகிறோம்.